இதே வார்த்தையில்

நவம்பர் 21, வியாழன்

காலையிலிருந்து மழையும் வெயிலும். துவைத்த துணியை மூன்று முறை உள்ளே எடுத்து மூன்று முறை வெளியே போட்டேன். நான்காவது முறை அப்படியே விட்டுவிட்டேன், நனையட்டும்.

மகனும் மகளும் இந்நேரம் விமானம் ஏறியிருப்பார்கள். லெபானி நாட்டின் ஆண்கள் ரக்பி அணியோடு, தொரிகா பெண்கள் அணியோடு. ஒரே விமானம், ஒரே விடுதி, ஒரே சாப்பாட்டுக் கூடம். ஆனாலும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். வளர்ந்த அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசுவது எங்கள் தீவில் விலக்கு. என் அண்ணனோடு நான் நேரில் பேசி முப்பத்தோரு வருடம் ஆகிறது. அவர் ஆற்றுக்கு அக்கரையில்தான் இருக்கிறார், கூப்பிட்டால் கேட்கும்.

அதனால் எல்லாம் என் வழியாக. போன வாரம் பயிற்சி முகாமிலிருந்து தொரிகா: "அம்மா, உங்க மகன் துண்ட சாப்பாட்டு மேசையிலேயே போட்டுட்டுப் போயிட்டாரு. நாத்தம் தாங்கல." நான் லெபானிக்குப் போட்டுச் சொன்னேன்: "துண்ட மறந்துட்டியாம்பா." அவன்: "உங்க மககிட்ட சொல்லுங்க, அது என் துண்டே இல்லன்னு." பத்தடி தூரத்துச் செய்தி மலையேறி என்னிடம் வந்து திரும்பிப் போகிறது. நாற்றத்தை நான் சொல்லவில்லை. தூது போகிறவள் காரத்தைக் குறைத்துத்தான் கொடுப்பாள். இங்கே எல்லோரும் அப்படித்தான்.

தேவாலயத்தில் கழித்துப்போட்ட பழைய பேரேடு ஒன்றை வாங்கி வந்திருக்கிறேன். இடப்பக்கம் லெபானி, வலப்பக்கம் தொரிகா. ஆடிய நிமிடம், கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றிப் போட்ட ட்ரை, பிடித்து வீழ்த்திய எண்ணிக்கை. ஒரு ஆட்டம் பதினான்கே நிமிடம். மரவள்ளி வேகிற நேரம்கூட இல்லை. அதற்குள் ஏழு பேர் ஏழு பேரை ஓடி ஓடி வீழ்த்தவேண்டும்.

நவம்பர் 29, வெள்ளி

நாளை துபாயில் முதல் ஆட்டம். பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் வசேமதா எழுந்து, "நம்ம அணிக்காக நாளைக்குக் காலைல யாரும் சாப்பிடக்கூடாது" என்று அறிவித்தாள். என் கணவரின் தங்கை, ஐக்கியத்துக்குத் தலைவி. நம்ம அணி என்றால் ஆண்கள் அணி.

"பொண்ணுங்களும் நாளைக்குத்தான் ஆடறாங்க" என்றேன்.

"அண்ணி, ரெண்டு அணிக்கும் பட்டினி கெடந்தா சேம்பு புடுங்க யாரு போறது? உன் மகளுக்கு உன் வயிறு ஒண்ணு போதும். அது நாலு பேரு வயிறு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாத்தனார் அண்ணியை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அதுவும் எங்கள் வழக்கம்தான். காலை உபவாசம் லெபானிக்கு. மதியம் தொரிகாவுக்கு, தனியாக.

டிசம்பர் 9, திங்கள்

துபாய், கேப்டவுன் முடிந்தது. லெபானி 131 நிமிடம், ஏழு ட்ரை. தொரிகா 118 நிமிடம், மூன்று ட்ரை, முப்பத்தொன்பது பேரை வீழ்த்தியிருக்கிறாள். அவள் பக்கத்தைத் தவிர வேறெங்கும் அந்த முப்பத்தொன்பது இல்லை. கிறிஸ்துமஸுக்கு வருகிறார்கள். ஸ்தோத்திரம்.

ஜனவரி 25, சனி

பெர்த் ஆட்டம். ஊர்க் கூடத்தில் நின்றுகொண்டுதான் பார்த்தேன். உட்கார முடிவதில்லை எனக்கு.

இரண்டாம் பாதியில் லெபானி குனிந்து ஒருவன் காலைப் பிடிக்கப் போனான். முழங்கால் நெற்றிப்பொட்டில் பட்டது. விழுந்தான். எழுந்து கையை ஆட்டினான். ஒரே ஆரவாரம். மருத்துவர் ஓடி வந்து ஏதோ கேட்டார், தலையாட்டினான், போய்விட்டார்.

அப்புறம் வரிசைக்குத் திரும்பும்போது எதிரணி வரிசையில் போய் நின்றான். ஒரு கணம்தான். அவன் நண்பன் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தான். கூடமே சிரித்தது. "விலைக்கு வாங்கிட்டாங்கடா அவன!" என்று யாரோ கத்தினான். என் கணவர் சைருசிதான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார்.

14 நிமிடம் என்று எழுதினேன். பேனா ஏன் நிற்கிறது என்று தெரியவில்லை.

ஜனவரி 27, திங்கள்

தேவாலயத்துக்குப் பின்னால் மேட்டில்தான் சிக்னல். தொரிகா அழைத்தாள். குரலே சரியில்லை.

"அம்மா, அவரு என்கிட்ட பேசினாரு."

"யாரு?"

"உங்க மகன். நடைபாதையில. என் பேரச் சொல்லி. 'தொரிகா, அப்பா தோட்டத்துலேர்ந்து வந்தாச்சா'ன்னு கேட்டாரு."

நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதிவைக்கிறேன். "பக்கத்துல யாராவது கேட்டாங்களா?" என்றேன்.

அதுதான் என் வாயிலிருந்து முதலில் வந்தது. வெளிநாடு போனதும் வழக்கத்தை விட்டுவிட்டானே, ஊர் என்ன சொல்லும் என்றுதான் பயந்தேன். அவள் "யாரும் கேக்கலம்மா" என்று வைத்துவிட்டாள்.

ஜனவரி 28, செவ்வாய்

லெபானியைத் திட்டுவதற்காகவே மேடு ஏறினேன். "வெக்கமா இல்ல? தங்கச்சிகிட்ட நேருல பேசினியாமே."

"நானா? யாரு சொன்னா?"

"அவதான்."

"இல்லம்மா. வேதத்து மேல கை வெச்சுச் சொல்றேன். நான் பேசவே இல்ல."

அவன் வேதத்தின் மேல் கைவைத்துப் பொய் சொல்கிறவன் இல்லை. அவளும் பொய் சொல்கிறவள் இல்லை.

இறங்கும்போது பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் — பேசியது அவனுக்கே தெரியாது.

பிப்ரவரி 8, சனி

இரண்டு நாள் விடுப்பில் வந்திருக்கிறார்கள். மீன், தேங்காய்ப்பால், கீரை, சேம்பு. லெபானி தட்டில் பாதி மீதி.

ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆற்றுக்குக் குளிக்கப் போகவில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். தேநீர்க் கோப்பையை மேசை விளிம்புக்கு அப்பால் வைத்தான். விழுந்து உடைந்தது. "காத்து" என்றான். காற்றே இல்லை.

சமையல்கட்டில் மரவள்ளி சீவிக்கொண்டே தொரிகா சொன்னாள். கத்தி ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த மடையன்கிட்ட சொல்லுங்க. அடிபட்டத மறைக்கிறான். டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க. கனடா போறதுக்குள்ள போகலன்னா நானே எல்லாரு முன்னாடியும் சொல்லிடுவேன். இதே வார்த்தையில சொல்லுங்கம்மா. சக்கர போடாதீங்க."

அண்ணனை மடையன் என்கிறாள். காதைப் பொத்திக்கொள்ளலாம்போல இருந்தது. ஆனாலும் எழுந்து போனேன். லெபானி ஈரப்பலா மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.

"தங்கச்சி உன் உடம்பப் பாத்துக்கச் சொன்னா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன்.

"சரின்னு சொல்லுங்க." அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, தலவலின்னு போனா பட்டியல்லேர்ந்து பேரு போயிடும். ஹாங்காங்குக்குப் பிரான்ஸ் கிளப்புலேர்ந்து ஆளு வராங்க, என்னப் பாக்கறதுக்குன்னே. அதுவரைக்கும் தாங்கிட்டாப் போதும்."

அவன் கையைத் தட்டிக்கொடுத்தேன்.

உள்ளே வந்தேன். "சொன்னீங்களா?" "சொன்னேன்." "இதே வார்த்தையில?" "ஆமா."

பிப்ரவரி 13, வியாழன்

பொய் சொன்னேன். எழுதிவைக்கிறேன். கணக்கு என்றால் எல்லாம் இருக்கவேண்டும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க எழுந்து போகவில்லை. "என்ன ஆச்சு உனக்கு?" என்று சைருசி கிசுகிசுத்தார். கால் வலி என்றேன். இது இரண்டாவது பொய்.

பிப்ரவரி 19, புதன்

மூன்றாவது நாள் உபவாசம். வசேமதா எட்டிப் பார்த்து, "அண்ணி, இப்படியே போனா உன் உடுப்ப எனக்குக் குடுத்துரலாம்" என்றாள். சிரிக்க வரவில்லை. அவளும் சட்டென்று நிறுத்திவிட்டு ஒரு குவளை இளநீர் வைத்துவிட்டுப் போனாள். அதையும் குடிக்கவில்லை.

நான் சொல்லவேண்டியதை ஆண்டவரே நீர் அவனுக்குச் சொல்லும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இது ஜெபமா? என் வேலையை அவர் தலையில் கட்டுவதா?

பிப்ரவரி 21, வெள்ளி

வான்கூவர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மேடு ஏறி அவனுக்குப் போட்டேன். இன்றைக்குச் சொல்லியே தீரவேண்டும் என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினேன். அவன் எடுத்தவுடன், "அம்மா, இங்க பனி பெய்யுது! மாவு சலிச்சுக் கொட்டின மாதிரி இருக்கு" என்றான். சின்னப் பிள்ளை மாதிரி. இன்றைக்குத் தலைவலி இல்லையாம்.

சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று இறங்கி வந்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் மேட்டில் எல்லோரும் ஒரு போனைச் சுற்றி நிற்கிறார்கள். ஓய்வுநாளில் இப்படி நின்று நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் விலகினார்கள். வசேமதாதான் போனை என் கையில் கொடுத்தாள். கேலி இல்லை அவள் முகத்தில்.

"அண்ணி, உன் மக என்ன பண்ணிருக்கா பாரு."

யாரோ விளையாட்டுக்காரன் எடுத்த வீடியோப் படம். விடுதி வாசல், ஆண்கள் அணியின் பேருந்து. அதன் முன்னால் தொரிகா, குளிருக்கு ஒரு ஸ்வெட்டர்கூடப் போடாமல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.

"அண்ணா, எறங்குங்க! அம்மா மூலமாச் சொல்லி அனுப்பினேன். கேக்கல. இப்ப நேராச் சொல்றேன். எறங்குங்க."

பையன்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நம் பையன்கள், அவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்கார மருத்துவருக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. அவள் அவர் பக்கம் திரும்பி, "இவருக்குத் தலையில அடிபட்டு நாலு வாரமாச்சு. என்னப் பேரு சொல்லிக் கூப்பிட்டாரு. எங்க அண்ணன் என்னப் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாரு டாக்டர். கூப்பிடவே மாட்டாரு!"

லெபானி இறங்கினான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு இறங்கினான். அத்தோடு படம் நின்றுவிட்டது.

சைருசி: "எங்க போயி மூஞ்சிய வெச்சுக்கறது? அத்தன பேரு முன்னாடி! அண்ணன்காரன்கிட்ட கையை நீட்டிக்கிட்டு!"

"சொல்லி அனுப்பினேன், கேக்கல" என்கிறாளே. அவனுக்கு அது போய்ச் சேரவே இல்லை. அது இங்கே என்னிடம் இருக்கிறது. அவள் மேல் விழுகிற ஒவ்வொரு சொல்லும் — ஐயோ, நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? அங்கேயே நின்றேனே, ஏன் சொல்லவில்லை?

பிப்ரவரி 24, திங்கள்

அணி மேலாளர் சைருசிக்குப் பேசினார். லெபானியின் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்களாம். மண்டைக்குள் ஒரு பக்கம் ரத்தம் கசிந்து நிற்கிறது. மெல்லிசாக. மருந்திலேயே கரையலாம். இன்னொரு அடி விழுந்திருந்தால் மைதானத்திலேயே போயிருப்பான் என்று மருத்துவர் சொன்னாராம்.

சைருசி போனை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். இருட்டும்வரை களை எடுத்தார். களையே இல்லாத பாத்தியில்.

பிப்ரவரி 27, வியாழன்

ஊர் இரண்டாகப் பேசுகிறது. உயிரைக் காப்பாற்றினாள் என்று பாதி. உயிரைக் காப்பாற்றவும் ஒரு முறை இருக்கிறது என்று பாதி. மன்னிப்புக் கேட்டு முறைப்படி திமிங்கிலப் பல் வைக்கவேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்று. தொரிகாவும் சரி என்றுவிட்டாள். "வெக்கறேம்மா. ஆனா தப்புன்னு சொல்ல மாட்டேன்."

மார்ச் 14, வெள்ளி

லெபானி வந்துவிட்டான். கறுப்புக் கண்ணாடி, மெலிந்த கழுத்து. இந்த வருடம் ஆட்டம் இல்லை. இனிமேலும் இருக்குமா என்பதை வருடக் கடைசியில் பார்த்துச் சொல்வார்களாம். பிரான்ஸ்காரர்கள் வேறு பையனைப் பார்க்கப் போகிறார்கள்.

தங்கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அவ சொல்லி அனுப்பினேன்னாளே, என்னத்தச் சொல்லி அனுப்பினா?" என்று மட்டும் கேட்டான்.

அடுப்பைப் பார்க்க எழுந்து போனேன்.

மார்ச் 22, சனி

இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

தொரிகா முகாமில் ஒரு நாள் விடுப்பு கேட்டு வந்திருந்தாள். பல் வைக்கும் சடங்கு எங்கள் வீட்டில்தான் நடந்தது. மேல்புறம் சைருசியின் ஆட்கள், நடுவில் லெபானி. கதவோரம் கீழ்ப்புறம் தொரிகா, பாயில் முகம் படிகிற மாதிரி குனிந்து. அவளுக்காகப் பல்லை வைக்கவேண்டியது அவள் தாய்மாமன். என் அண்ணன் ஆற்றைக் கடந்து வந்திருந்தார். பல்லை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, பிள்ளை சின்னது, வாய் தவறிவிட்டது, பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். சொல் கேட்டும் அண்ணன் பணியவில்லை என்ற ஆத்திரத்தில் —

"அவன் கேக்கல" என்றேன்.

அந்த மாதிரி சபையில் பெண்கள் பேசுவதில்லை. என் அண்ணன் நிறுத்திவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். சைருசி, "மெரே, உக்காரு" என்றார். நான் எழுந்து நின்றிருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"அவன் காதுல விழுந்தாத்தானே கேப்பான்? அவ என்கிட்ட குடுத்தா. டாக்டர்கிட்ட போகணும், போகலன்னா எல்லாரு முன்னாடியும் சொல்லுவேன்னு. நான் போயி உடம்பப் பாத்துக்கன்னு மட்டும் சொன்னேன். அவகிட்ட வந்து எல்லாம் சொல்லிட்டேன்னு பொய் சொன்னேன். அவ ரோட்டுல நின்னது என்னால. பல்ல என் பேர்ல வைங்க."

அழவில்லை. அழுதால் பாதியில் நின்றுவிடும் என்று பிடித்துக்கொண்டேன்.

வெளியே கோழி கத்துகிறது, யாரும் விரட்டவில்லை. தொரிகா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

லெபானி கண்ணாடியைக் கழற்றினான். யாரையும் பார்க்காமல், நடுப்பாயைப் பார்த்துச் சொன்னான்: "மொதல்ல பேசினது நான்தானாம். எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா மொதல்ல வழக்கத்த ஒடச்சது நான்னா, அவங்க பல்ல நான் எப்படி வாங்கறது?"

வாங்கவேண்டியவன் வாங்கமாட்டேன் என்றால் என்ன செய்வது என்று பெரியவர்களுக்கே தெரியவில்லை. கடைசியில் சைருசியின் பெரியப்பா இருமிக்கொண்டே, "குடு, நான் வாங்கிக்கறேன். யாரு தப்புன்னு ஆண்டவரு கணக்குப் பாக்கட்டும். நமக்குக் கவா ஆறிடும்" என்றார். கவா பச்சைத் தண்ணீரில் கரைக்கிற வேர்ப்பானம், ஆறுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முறைப்படி கைதட்டிச் சடங்கு முடிந்தது.

போகும்போது என் அண்ணன் வசேமதாவிடம் நின்று, எனக்குக் கேட்கிற மாதிரி, "ஒங்க அண்ணிகிட்ட சொல்லுங்க. நல்லாப் பேசினாளுன்னு" என்றார்.

அவள் என்னிடம் திரும்பி, "உங்க அண்ணன் உன்ன வாயாடின்னு சொல்லிட்டுப் போறாரு" என்றாள்.

மார்ச் 23, ஞாயிறு

திருவிருந்தில் கலந்துகொண்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஐக்கியக் கூட்டம். வசேமதா எழுந்து, "நாளைக்கு சிங்கப்பூர்ல ஆட்டம். காலைப் பட்டினி பசங்களுக்கு. மதியப் பட்டினி பொண்ணுங்களுக்கு. சேம்பு புடுங்க புருசங்க போகட்டும்" என்று அறிவித்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. உட்கார்ந்த பிறகு முழங்கையால் ஒரு இடி.

ஏப்ரல் 17, வியாழன்

பேரேட்டில் லெபானியின் இடப்பக்கத்தில் மூன்று வரி சுழியம் எழுதிவிட்டேன். அதற்குமேல் மனம் வரவில்லை. தலைப்பை அடித்துவிட்டு 'தலைவலி இல்லாத நாள்' என்று எழுதினேன். இதுவரை ஆறு.

தொரிகா என்னிடம் சடங்கு நாளிலிருந்தே சுருக்கமாகத்தான் பேசுகிறாள். சாப்பிட்டேன். தூங்கினேன். வைக்கறேன். நியாயம்தான். இருந்தும் தினமும் மேடு ஏறுகிறேன்.

மே 5, திங்கள்

லாஸ் ஏஞ்சலிஸில் பெண்கள் இறுதி ஆட்டம். அங்கே ஞாயிறு மாலை, நமக்குத் திங்கள் நடுப்பகல், போதகருக்கும் தடையில்லை. கூடம் நிறைந்து சன்னலிலும் ஆள். பெண்கள் ஆட்டத்துக்கு இப்படி நான் கண்டதில்லை.

லெபானியால் திரையைப் பார்க்க முடியாது, கண் கூசுகிறது. வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான் வாசலில் நின்று பார்த்துப் பார்த்து அவனுக்குச் சொன்னேன். "விட்டுட்டாங்க... பன்னண்டுக்கு அஞ்சு... உன் தங்கச்சி ஒருத்திய வீழ்த்திட்டா... இன்னொருத்தி... பந்து நமக்கு!"

"எந்தப் பக்கம் ஓடறாங்க?"

"இடது!"

"வலது பக்கம் ஆளே இருக்காதேம்மா, வலது, வலது!" என்று சுவரிடம் கத்தினான்.

தோற்றோம். பதினேழுக்குப் பன்னிரண்டு. தொரிகா முழு ஆட்டம், பதினான்கு நிமிடம். ஒரு ட்ரை, ஒன்பது பேர். கூடம் எழுந்து நின்று பாட்டுப் பாடியது, ஜெயித்தவர்களுக்குப் பாடுகிற மாதிரி. வசேமதா மூக்கைச் சிந்திக்கொண்டே கீழ்க்கட்டையில் பாடினாள்.

அரை மணி கழித்து மேட்டில் நின்றோம், நானும் லெபானியும். போன் அடித்தது. தொரிகா. அழுது முடித்த குரல்.

"அம்மா, அவரு பக்கத்துல இருக்காரா?"

"இருக்கான். குடுக்கட்டுமா?"

"வேணாம். நீங்களே சொல்லுங்க." மூக்கை உறிஞ்சினாள். "அந்த மடையன் இன்னிக்கு மாத்திர போட்டானான்னு கேளுங்க. இதே வார்த்தையில."

அவனைப் பார்த்தேன். அவன் ஆற்றுப் பக்கம் திரும்பி, கேட்காதவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

"அந்த மடையன் இன்னிக்கு மாத்திர போட்டானான்னு கேக்கறா" என்றேன்.

அவன் தோள் குலுங்கியது. ஜனவரிக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்க்கவில்லை.

"போட்டான்னு சொல்லுங்க. அப்புறம், வலது பக்கம் திரும்பிப் பாத்திருந்தா ஜெயிச்சிருப்பா அந்தக் கழுதன்னும் சொல்லுங்க."

சொன்னேன். ஒரு எழுத்துக்கூட விடவில்லை.

தலைவலி இல்லாத நாள்: பதினேழு.